கேட்டுவிட்டுக் கை கொடுங்கள்

உடற்குறை உள்ளோர் விளையாட்டுப் போட்டியில் தொண்டர் வேலை



2021 ஆகஸ்டு 31, நம் தேசிய தினம். அன்றைக்கு ஜப்பானில் தோக்கியோ பாராலிம்பிக் போட்டியில் நம் நாட்டு வீரர் முகம்மட் சியாட் சோல்கெஃப்லி இரும்புக் குண்டை 17.94 மீட்டர் தூரம் எறிந்தார். அதுவரை இருந்த உலக சாதனையைத் தாண்டிய எறி அது. தங்கம் வந்துவிட்டது என்று நாடே சந்தோஷப்பட்டது. ஆனால் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. போட்டிக்கு முன்னால் வீரர்கள் வந்து பெயர் கொடுக்கும் அறைக்கு அவர் நேரத்தோடு வரவில்லை என்று எதிர்த்தரப்பு முறையிட்டது. தாமதம் சில நிமிஷம்தான். இருந்தாலும் முறையீட்டை ஏற்றுக்கொண்டு, அவர் போட்டியில் கலந்துகொள்ளவே இல்லை என்று கணக்கில் எழுதிவிட்டார்கள். அவரோடு சேர்ந்து தாமதமாக வந்த வேறு இரண்டு நாட்டு வீரர்களுக்கும் அதே கதிதான்.

சியாட், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான பிரிவில் போட்டியிடுபவர். 2016-ல் ரியோவில் உலக சாதனையோடு தங்கம் வாங்கியவர். தோக்கியோவில் இப்படி நடந்த பிறகும் மனம் தளராமல், 2024-ல் பாரிஸ் போய் வெள்ளிப் பதக்கம் வாங்கி வந்தார். தோக்கியோவில் யார் மேல் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். எத்தனையோ வருஷம் பாடுபட்டு வளர்த்த பலம், சில நிமிஷத்தில் கணக்கில்லாமல் போகக்கூடும். "தம்பி, கூப்பிடுறாங்க, வாங்க போவோம்" என்று பக்கத்தில் நின்று சொல்லும் ஒரு ஆளின் வேலை எவ்வளவு பெரிய வேலை! உடற்குறை உள்ளோர் விளையாட்டில் தொண்டர் என்பவர் அந்த ஆள்தான். இந்த மாதச் சுகாதாரப் பகுதியில் அந்த வேலையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

விளையாட்டுக்கும் வைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம்?

"டிரெசர் ஐயா, சுகாதாரப் பகுதியில விளையாட்டைப் பத்தி எழுதலாமா?" என்று சிலர் கேட்கலாம். எழுதலாம். ஏனென்றால் இந்த விளையாட்டு பிறந்ததே ஓர் ஆஸ்பத்திரியில்தான்.

முன்பெல்லாம் முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போனவர்கள் அநேகமாக ஓரிரண்டு வருஷத்துக்குள் இறந்துபோனார்கள். முறிந்த எலும்பினால் அல்ல; படுத்த படுக்கையாகக் கிடந்து முதுகில் புண் வந்து, சிறுநீரில் கிருமி ஏறி இறந்தார்கள். லுட்விக் குட்மன் என்பவர் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியிலிருந்து தப்பி 1939-ல் இங்கிலாந்துக்கு வந்த யூத டாக்டர். 1944-ல் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்து ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்க்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அவர் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவும் பகலும், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். புண் குறைந்தது, உயிர் நிலைத்தது. அடுத்ததாக, "உயிர் பிழைத்தால் மட்டும் போதுமா?" என்று கேட்டுப் பந்தையும் வில்லையும் கையில் கொடுத்தார்.

1948 ஜூலை 29-ந் தேதி லண்டனில் ஒலிம்பிக் தொடங்கியது. அதே நாளில் அந்த ஆஸ்பத்திரி வளாகத்தில் போரில் அடிபட்ட 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டி நடத்தினார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து, 1960-ல், ரோம் நகரத்தில் 23 நாடுகளிலிருந்து 400 பேர் வந்தார்கள். அதுதான் முதல் பாராலிம்பிக். காது கேளாதவர்களுக்கு இதற்கு முன்பே, 1924-லேயே, பாரிஸ் நகரத்தில் தனிப் போட்டி தொடங்கிவிட்டது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1968-ல் சிகாகோவில் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் தொடங்கியது.

ஆகவே விளையாட்டு இவர்களுக்குப் பொழுதுபோக்கு மட்டுமல்ல. நாற்காலியைத் தள்ளத் தோளில் பலம் வருகிறது, மூச்சு நன்றாக ஓடுகிறது, உடம்பு பருக்காமல் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாலு பேர் மத்தியில் போய் நிற்கும் துணிவு வருகிறது. எந்த மருந்துப் பாட்டிலிலும் இது கிடையாது.

நம் நாட்டுக் கணக்கு

தென்கிழக்காசிய நாடுகளின் உடற்குறை உள்ளோர் போட்டி முதன்முதலில் 2001-ல் நம் கோலாலம்பூரில்தான் நடந்தது. 2009-லும் 2017-லும் மறுபடியும் அங்கேயே நடந்தது. 2017 செப்டம்பர் 17 முதல் 23 வரை நடந்த போட்டியில் 16 வகை விளையாட்டுகள் இருந்தன. இப்படி ஒரு போட்டி நடக்க வேண்டுமானால் வீரர்கள் மட்டும் இருந்தால் போதாது. பஸ்ஸிலிருந்து நாற்காலியை இறக்க ஆள் வேண்டும், வழி காட்ட ஆள் வேண்டும், தண்ணீர் கொடுக்க, பெயர் கூப்பிட, கைச்சைகை மொழியில் சொல்ல ஆள் வேண்டும். மாநிலங்களுக்கு இடையே நடக்கும் பாரா சுக்மாவும் அப்படித்தான். 2024-ல் அது சரவாக்கில் நடந்தது.

2016-ல் ரியோவில் நம் நாட்டுக்கு இரண்டே நாளில் மூன்று தங்கம் வந்தது. செப்டம்பர் 10-ந் தேதி பெர்லிஸ் மாநிலத்து முகம்மட் ரிட்சுவான் புஸி 100 மீட்டரை 12.07 விநாடியில் ஓடினார். மலேசியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம் அது. மூளைவாதத்தால் கை கால் இறுகியவர் அவர். சியாட் குண்டெறிந்து வாங்கியதும் அதே நாளில்தான். மறுநாள் அப்துல் லத்திப் ரோம்லி நீளத் தாண்டுதலில் 7.60 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். ஒலிம்பிக் தங்கத்துக்கு உள்ள அதே 10 லட்சம் வெள்ளி இவர்களுக்கும் கிடைத்தது.

நம்மவர்களும் இந்தக் கணக்கில் உண்டு. எடை தூக்கும் வீரர் மாரியப்பன் பெருமாள் இந்த நாட்டுக்குப் பாராலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்தவர். தமிழ்நாட்டில் சேலம் பக்கத்துக் கிராமமான பெரியவடகம்பட்டியில் இன்னொரு மாரியப்பன், மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. தாயார் காய்கறி விற்றுக் காப்பாற்றினார். 2016-ல் ரியோவில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். அதன் பிறகு தோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். அந்தத் தாயார் பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் இது நடந்திருக்குமா?

தொண்டர் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

மாநில அளவில் நடந்த இப்படிப்பட்ட போட்டி ஒன்றில் நான் முதலுதவிக் கூடாரத்தில் இருந்தேன். தோட்டத்துப் பிள்ளைகள் நாலைந்து பேரும் தொண்டராக வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் சம்பளத்தை விட்டுவிட்டு வந்த பிள்ளைகள், நல்ல மனசு. அதில் ஒரு தம்பி, சக்கர நாற்காலியில் வந்த ஒருவரைப் பார்த்ததும் ஓடிப்போய்ப் பின்னாலிருந்து தள்ளிவிட்டான். அவரோ தன் கையால் சக்கரத்தைப் பிடித்துக் கொண்டிருந்தார். விரல் கம்பியில் சிக்கித் தோல் உரிந்துவிட்டது. மருந்து போடும்போது அவர் கோபப்படவில்லை. "தம்பி, என் நாற்காலி என் கால் மாதிரி. உன் காலை யாராச்சும் கேக்காம பிடிச்சு இழுத்தா நீ என்ன செய்வ?" என்று மட்டும் கேட்டார். அந்தத் தம்பி அன்று முழுவதும் அவரிடமே கேட்டுக் கேட்டு வேலை செய்தான்.

இதுதான் முதல் பாடம்: கேட்டுவிட்டுக் கை கொடுங்கள். "உதவி வேணுமாண்ணே? எப்படிப் பிடிக்கணும், சொல்லுங்க" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

மற்றவற்றை வரிசையாகச் சொல்கிறேன். இவை மைதானத்துக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் உதவும்.

1. வெயில். முதுகெலும்பு முறிந்தவர்களுக்கு முறிவுக்குக் கீழே வியர்வை சரியாக வராது. வியர்க்காத உடம்பு சூட்டை வெளியேற்ற முடியாமல் சீக்கிரம் கொதித்துவிடும். நம் சாஆ வெயிலில் குலை வெட்டுகிறவர்களுக்கே மயக்கம் வருகிறது; இவர்களுக்கு எப்படி இருக்கும்? நிழலில் வையுங்கள். முகத்திலும் கையிலும் தண்ணீர் தெளித்து விசிறுங்கள். பேச்சுக் குழறினால், உளறினால், உடம்பு நெருப்பாகச் சுட்டால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

2. தண்ணீர். பலர் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். காரணம் கேட்டால் சொல்லமாட்டார்கள். நாற்காலி நுழையும் கழிவறை எங்கே இருக்கிறது என்று தெரியாத பயம்தான் காரணம். ஆகவே தொண்டர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அந்தக் கழிவறை இருக்கும் இடம். அதைக் காட்டிவிட்டுத் தண்ணீரைக் கொடுங்கள், குடிப்பார்கள்.

3. தோல். உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் வந்தால் வலிக்காது. அதனால்தான் அது ஆபத்து. நாற்காலியில் இருப்பவர் பதினைந்து முப்பது நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். காலி நாற்காலியை வெயிலில் விடாதீர்கள். சூடேறிய இரும்பு தொடையைச் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. செயற்கைக் கால் போட்டவருக்கு வியர்வையில் தோல் உரியும். அவர் காலைக் கழற்றித் துடைத்து உறை மாற்றிக்கொள்ள மறைவான இடம் கொடுங்கள். வேடிக்கை பார்க்காதீர்கள்.

4. திடீர்த் தலைவலி. மார்புக்கு மேலே முதுகெலும்பு அடிபட்டவருக்கு மண்டையைப் பிளப்பது போல் வலி வந்து, முகம் சிவந்து வியர்த்தால் அதைச் சாதாரணத் தலைவலி என்று எண்ணி மாத்திரை கொடுத்து உட்கார்ந்துவிடாதீர்கள். இரத்த அழுத்தம் கிடுகிடுவென்று ஏறுகிறது என்று பொருள். படுக்க வைக்கக் கூடாது, நிமிர்ந்து உட்கார வையுங்கள். இறுகிய பட்டி, காலணி எல்லாவற்றையும் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அடைபட்ட சிறுநீர்தான் காரணமாக இருக்கும். டாக்டரை உடனே அழையுங்கள்.

5. வலிப்பு. வாயில் கரண்டி வைக்காதீர்கள், கையில் இரும்பு கொடுக்காதீர்கள், கையைக் காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். பக்கத்தில் உள்ள பொருளை விலக்கி, தலைக்கு அடியில் துணியை வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் ஆம்புலன்ஸ் வேண்டும்.

6. கண் தெரியாதவர். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள். படி வந்தால் ஏறு படியா, இறங்கு படியா என்று சொல்லுங்கள். விட்டுப் போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள். ஆள் இல்லாத இடத்தைப் பார்த்து அவரைப் பேச வைக்காதீர்கள்.

7. காது கேளாதவர், பேச்சுக் குழறுபவர். காது கேளாதவரிடம் முகத்துக்கு நேரே நின்று பேசுங்கள். ஒலிபெருக்கியில் கூப்பிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? ஆள் போய்ச் சொல்ல வேண்டும். மூளைவாதம் உள்ளவருக்குப் பேச்சு மெதுவாக வரும். பேச்சு மெதுவாக இருக்கிறது என்பதற்காக அறிவும் மந்தம் என்று முடிவு கட்டாதீர்கள். அவர் முடிக்கும் வரை காத்திருங்கள். புரியாவிட்டால் புரிந்த மாதிரி தலையாட்டாமல் திரும்பக் கேளுங்கள்.

8. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர். ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். நேரம் ஆவதற்கு முன்பே அழைத்துப் போங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தெலும்பு இளகியிருக்கும். டாக்டர் பார்த்துச் சொல்லாமல் குட்டிக்கரணம் போடவோ தலைகீழாகத் தண்ணீரில் குதிக்கவோ விடக் கூடாது. கழுத்து வலி, நடை தடுமாற்றம், கை பலம் குறைதல் தெரிந்தால் விளையாட்டை நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள்.

பரிதாபம் வேண்டாம், மரியாதை வேண்டும்

போச்சியா என்று ஒரு விளையாட்டு உண்டு. வெள்ளைப் பந்துக்குப் பக்கத்தில் நம் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கை கால் மிகவும் இறுகியவர்கள் ஆடுவது. தோக்கியோவில் நம் சியூ வெய் லுன் இதில் வெள்ளி வாங்கினார். பந்தைக் கையால் எறிய முடியாதவர்கள் இருக்கும் பிரிவில் ஒரு சரிவுப் பலகையை வைத்துப் பந்தை உருட்டிவிடுவார்கள். பலகையைப் பிடித்துக்கொள்ள ஒரு துணையாளும் உண்டு. ஆனால் அந்தத் துணையாள் ஆட்டக் களத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும்! ஆட்டத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. "இடது பக்கம், இன்னும் கொஞ்சம், நிறுத்து" என்று ஆட்டக்காரர் காட்டுகிறபடி பலகையை நகர்த்த வேண்டும். மூளை ஆட்டக்காரருடையது, கை மட்டும் துணையாளுடையது. கண் தெரியாத ஓட்டக்காரருடன் கயிற்றைப் பிடித்து ஓடும் துணையாளுக்கும் அதே மாதிரி சட்டம்: இழுக்கக் கூடாது, முடிவுக் கோட்டை அவருக்கு முன்னால் தாண்டக் கூடாது.

தொண்டர் வேலைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. நாம் போவது அவர்களுக்காக விளையாட அல்ல, அவர்கள் விளையாட வழி விட.

நம் லயத்து வீடுகளைப் பற்றி

இனி மனசில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இத்தனை வருஷத் தோட்ட ஆஸ்பத்திரி வேலையில் நான் பல வீடுகளுக்குப் போயிருக்கிறேன். முன் ஹாலில் டிவி ஓடும். பின்னறையில் ஒரு பிள்ளை படுத்திருக்கும். விருந்தாளி வந்தால் அந்தக் கதவு சாத்தப்படும். கேட்டால், "அதுக்கு என்னங்கையா தெரியும், வெளியில வந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க" என்பார்கள். அந்தத் தாயாரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. விடியுமுன்னே பெரட்டுக்குப் போய், மத்தியானம் ஓடி வந்து பிள்ளைக்கு ஊட்டிவிட்டு மறுபடியும் ஓடுகிறவர் அவர். பேசுகிற அந்த நாலு பேர் நாம்தானே! நொண்டி, செவிடு, லூசு என்று பேரைவிட்டுப் பட்டத்தைக் கூப்பிடுகிறவர்கள் நாம்தானே! முதலில் அதை நிறுத்துவோம்.

பெரியவர்களிலும் உண்டு. மரத்திலிருந்து குலை விழுந்து அடிபட்டவர், மோட்டார் சைக்கிள் விபத்தில் முதுகு முறிந்தவர், சர்க்கரை வியாதியில் காலை எடுத்தவர். நேற்று வரை சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியவர், இன்று வாசலுக்கே வருவதில்லை. அவருக்கு மாத்திரை மட்டும் கொடுத்தால் போதாது தோழர்களே.

இதற்குச் செய்யக்கூடியவை இருக்கின்றன.

முதலாவது, பதிவு. சமூக நல இலாகாவில் மாற்றுத் திறனாளியாகப் பதிந்து அட்டை வாங்குங்கள். கேட்டல், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பலவகை என்று ஏழு பிரிவுகள் உண்டு. டாக்டர் கையெழுத்திட்ட பாரம் வேண்டும். பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் தோட்ட கிளினிக்கில் கேளுங்கள். அட்டை வாங்கினால் கௌரவம் போய்விடாது. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம், பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் மற்றவர்களைப் போலப் பங்குகொள்ளும் உரிமை இவர்களுக்கு உண்டு என்கிறது. அது தர்மம் அல்ல, உரிமை.

இரண்டாவது, பயிற்சி. பிடிகே என்று சொல்லும் சமூக மறுவாழ்வு நிலையங்கள் 1984-ல் திரங்கானு மாநிலம் பத்து ராக்கிட்டில் தொடங்கி நாடு முழுக்கப் பரவியவை. பிள்ளையை அங்கே சேர்க்கலாம். விளையாட்டுப் போட்டிக்குப் போகும் வழியும் பெரும்பாலும் அங்கிருந்தும், பள்ளிக்கூடத்துச் சிறப்புக் கல்வி வகுப்பிலிருந்தும்தான் தொடங்கும்.

மூன்றாவது, சொக்சோ. வேலையில் அடிபட்டவர்கள் இழப்பீட்டுப் பணத்தோடு நின்றுவிடாதீர்கள். சொக்சோவுக்கு மலாக்காவில் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் 2014 முதல் இருக்கிறது. மறுபடியும் நடக்க, மறுபடியும் வேலைக்குப் போகப் பயிற்சி கொடுக்கிறார்கள். தகுதி உண்டா என்று கிளைச் செயலாளர் மூலம் கேட்டு எழுதுங்கள்.

நான்காவது, நம் சொந்த மைதானம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தோட்டத்தில் விளையாட்டுப் போட்டி வைக்கிறோம். கயிறு இழுக்கிறோம், சாக்கு ஓட்டம் ஓடுகிறோம். அதில் இவர்களுக்கு இரண்டு போட்டி சேர்த்தால் என்ன செலவாகும்? உட்கார்ந்தபடி பந்து எறிவது ஒன்று, நாற்காலி ஓட்டம் ஒன்று. பெயரை ஒலிபெருக்கியில் எல்லாரையும் போலவே கூப்பிட வேண்டும். பரிசும் எல்லாரையும் போலவே மேடையில் கொடுக்க வேண்டும். ஆறுதல் பரிசு என்று சொல்லி ஓரமாக நிறுத்தக் கூடாது.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. மாவட்டத்திலோ மாநிலத்திலோ இப்படிப்பட்ட போட்டி நடக்கும்போது தொண்டர் தேடுவார்கள். சிகாமட்டிலுள்ள சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள், பக்கத்துப் பிடிகேயிலும் கேட்டு வையுங்கள். பெரிய படிப்பு வேண்டாம். சொன்ன நேரத்துக்கு வரும் பழக்கமும், கேட்டுச் செய்யும் பொறுமையும், ஒரு தொப்பியும் தண்ணீர்ப் பாட்டிலும் போதும். போகுமுன் தோட்ட கிளினிக்குக்கு வாருங்கள். வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைப்பதையும், நாற்காலியை மேட்டிலிருந்து பின்பக்கமாக இறக்குவதையும் அரை மணி நேரத்தில் சொல்லித் தருகிறேன்.

போகும்போது தனியாகப் போகாதீர்கள். உங்கள் லயத்தில் கதவு சாத்தியிருக்கும் அந்த வீட்டுக்குப் போய், "அக்கா, தம்பியையும் கூட்டிக்கிட்டுப் போறோம், நாங்க பாத்துக்குறோம்" என்று கேளுங்கள். முதல் தடவை வேண்டாம் என்பார். மறுபடியும் போய்க் கேளுங்கள்.